கசப்பைக் குடித்தவள்

"குழந்தைக்குக் கரப்பான், கஷாயம் எனக்கான்னு உங்ககிட்ட மல்லுக்கு நின்னேனே வைத்தியரே, இப்பப் பாருங்க!"

அவள் குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். ஆயுர்வேத வைத்தியர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்தார். முதல் முறை வந்தபோது நீர் கசிந்து, செக்கச்செவேலென்று இருந்த இடம். கன்னமெல்லாம் பொருக்கு. சொறிந்துவிடாமல் இருக்கப் பிஞ்சுக் கைகளுக்கு உறை மாட்டித் தூக்கி வந்திருந்தாள். இன்று தோல் பட்டாக இருந்தது.

"தூங்குறாளா?"

"இடியே விழுந்தாலும் எழுந்திருக்கிறதில்ல!"

சொல்லிவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தாள்.

"என்னம்மா, அவசரமா?"

"எங்க அண்ணன் வரேன்னார்."

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு மேலே பூச எண்ணெய் மட்டும்தான் தருவார் வைத்தியர். கஷாயமும் பத்தியமும் தாய்க்கு. பாதிப் பேர் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று வந்து நிற்பார்கள்.

"புளி, தயிர், மீன் எதையும் தொடலையே?"

"மீன் வாசனை வந்தாலே மாடிக்கு ஓடிடுவேன். அந்தக் கஷாயம் இருக்கே, அப்பப்பா! எதிரிக்குக்கூடக் குடுத்துடாதீங்க."

"வீட்ல நாத்தனார் உண்டா? பத்தியத்துக்கு அவங்கதான் முதல் எதிரி."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "உண்டு. ஆனா இந்த விஷயத்துல தங்கமானவ."

வைத்தியருக்கு மனசு நெகிழ்ந்தது. "எல்லாரும் எனக்கு நன்றி சொல்றாங்க. நான் வேரை இடிச்சுக் குடுத்ததோட சரி. நாக்கைக் கட்டினது நீங்க. பெத்தவளைத் தவிர வேற யாருக்கும்மா இது வரும்?"

அவள் வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. வெளிறி மெலிந்த ஒரு பெண், கூட வந்தவரின் தோளைப் பிடித்தபடி மெல்ல உள்ளே வந்தாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கி, அந்தக் கன்னத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண்கள் நிறைந்திருந்தன.

"பெத்தவ நான், வைத்தியரே. பிரசவத்துலேர்ந்து ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன். தன் பையனோட என் பொண்ணுக்கும் பால் குடுத்து, உங்க கஷாயத்தையும் குடிச்சது... இதோ, என் நாத்தனார்!"