குளிர் காற்றுக் குழாய்

"அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிக்க அஞ்சு மாசமா கார்ப் பொனட்டுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறீங்களே!" றொஹானின் மனைவி ஷெரோமி கத்தியது கொழும்பு கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கை முழுவதும் கேட்டது.

"எஞ்சினுக்குக் குளிர் காத்துப் போனா இழுவை கூடும்!" காற்றுக் குழாய்க்கு வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டே றொஹானும் கத்தினான்.

எதிர்வீட்டு மாக்ரெட் ஜன்னலில் முழங்கையை ஊன்றினாள். வாய் சும்மா இருக்குமா? "தம்பி, குளிர் காத்துக்கு நுவரெலியாவில இருந்தா குழாய் போடப்போறீர்?"

அவன் சிரிக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் முந்தி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா மகள் தப்பியிருப்பா எண்டு டொக்டர் சொன்னவர், அன்டி. அண்டைக்குக் கார் இழுக்கேல்ல."

"கார் நல்லாத்தான் இழுத்தது," என்றாள் ஷெரோமி. "வேனுக்குப் பின்னாலதானே அஞ்சு நிமிஷம் நிண்டம்."

"மெல்லக் கதை. அன்டிக்குக் கேக்கும்."

அன்டிக்குக் கேட்டது. அன்று ஒழுங்கை வாயை அடைத்து நின்றது அவளுடைய வேன். ஃபோனில் ஊர்க்கதையை முடித்துவிட்டுத்தான் சாவியோடு இறங்கி வந்திருந்தாள்.

மாக்ரெட் ஜன்னலைச் சாத்தினாள்.

அடுத்த மாதமே ஷெரோமி கல்கிசையிலுள்ள தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு றொஹானும் மட்டக்குளிக்கு வீடு மாறினான். போகிற அன்றும் வழியை அடைத்து நின்ற அந்த வேனுக்குப் பின்னால் காரை நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தான்.