மூச்சு விடக் கூடாது

ஆய்வகத்தில், விசிறி பூட்டிய சோதனைக் காற்றுக்குழாயின் வாயருகே பேராசிரியர் மாதவராஜ் உட்கார்ந்திருந்தார். கணினி முன்னால் ஆராய்ச்சி மாணவி சாயிரா. கதவோரம் லேப் உதவியாளர் குப்புராஜ்.

"யாரும் மூச்சு விடாதீங்க" என்றார் மாதவராஜ்.

மெல்லிய இழை நுனியில் ஒரேயொரு பார்த்தீனிய மகரந்தத்தூள். அதைக் காற்று தள்ளும் விசையை அளக்கையில், பக்கத்தில் பெருமூச்சு விட்டாலும் அளவு கெட்டுவிடும்.

திரையில் எண் விழுந்தது. அரசுக்கு அவர்கள் அனுப்பிவிட்ட அறிக்கையில் இருந்ததைவிட மூன்று மடங்கு. அப்படியானால் தூள் மூன்று மடங்கு தூரம் மிதக்கும். பார்த்தீனியம் மண்டிய தரிசிலிருந்து, தூள் எட்டாது என்று அந்த அறிக்கை சொன்ன இடமான பென்னாகரம் ரோட்டில் கட்டப்போகும் பள்ளி விடுதிக்குள்ளும் போகும். பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு வரும்.

மாதவராஜ் காற்றை நிறுத்தினார்.

"இப்பவாச்சும் மூச்சு விடலாமுங்களா சார்?" குப்புராஜ் சிரித்தார்.

"இனிமேத்தான் விடக் கூடாது. விடுதிக்கு அடிக்கல் நாட்டியாச்சு. சாயிராவோட தீசிஸ்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல. புரியுதாம்மா?"

"புரியுதுங்க சார்."

மாலையில் தபால் நிலையத்தில், புது அளவை உள்ளே வைத்து சாயிரா நீட்டிய, கலெக்டர் விலாசமிட்ட உறையைத் திருப்பிப் பார்த்த கவுண்டர்க்காரர், "அனுப்புறவங்க பேரில்லாம ஸ்பீட் போஸ்ட் போகாதுங்க" என்றார்.

சாயிரா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் முழுப் பெயரையும் எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தாள்.