கடைசி இரண்டு கிலோமீட்டர்

"நிக்காதீங்க! காலைக் கீழே வெக்காதீங்க! அப்படியே போய்க்கிட்டே இருங்க!"

ஹெல்மெட்டுக்குள் பொருத்தியிருந்த வயர்லெஸ் கருவியில் மனைவியின் குரல் இடி மாதிரி விழுந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி ஒரு முறை ஆடி, மறுபடி நேரானது.

"எதுக்கும்மா இப்படிக் கத்துற? காதே கிழிஞ்சிடும் போலிருக்கு."

"நீங்க பிரேக்கைத் தொடப் போனீங்க. இந்தச் சேத்துல தொட்டீங்கன்னா வண்டி படுத்துடும்."

"நான் தொடவே இல்லையே."

"தொட நினைச்சீங்க. இருபத்தஞ்சு வருஷமா பார்க்கிறேன், நீங்க என்ன நினைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மோட்டார் சைக்கிள் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அவள் பதினெட்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். திருமண வெள்ளிவிழாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது நகை, பட்டு எதுவும் கேட்காமல், வடக்கே, துருவத்துப் பக்கம் சாலை முடிகிற இடம் வரைக்கும் இரண்டு வண்டியில் போக வேண்டும் என்றாள். பயணத்தின் சட்டமும் அவள் போட்டதுதான். புதிதாக ஓட்டுகிறவர் முன்னால், தேர்ந்தவர் பின்னால். முன்னால் போகிறவர் விழுந்தால் பின்னால் வருகிறவர் பார்த்துவிடலாம்.

சாலை ஒரு கரையைப் போல உயர்ந்து, இரு பக்கமும் சதுப்பு நிலமாகக் கிடந்தது. அந்த மண் ஆழத்தில் வருடம் முழுக்க உறைந்தே இருக்கும். பெய்யும் மழை கீழே இறங்க வழியில்லாமல் மேலே உள்ள ஒரு சாண் களிமண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் அந்தச் சாலை வெண்ணெய் தடவிய தட்டு மாதிரி வழுக்கியது. காலையிலிருந்து எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

சற்று முன்புதான் பலகை ஒன்று கடந்தது: பெட்ரோல் பங்க், இரண்டு கிலோமீட்டர். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அதை விட்டால் மறுநாள் காலை வரை அந்தப் பகுதியில் மனித நடமாட்டமே கிடையாது. இப்போது மணி நாலே முக்கால். விரல்கள் மரத்துப்போய், கைப்பிடியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, கண்ணாடியில உன் லைட்டே தெரியலையே?"

"கண்ணாடி முழுக்கச் சேறு அப்பியிருக்கும். கண்ணாடிக் கடை வெச்சிருக்கிற ஆளுக்கு இதுகூடவா தெரியாது?"

"கிண்டலா? பேசாம நீ முன்னாடி போயேன். உன் டயர் தடத்துலயே வந்துடுறேன்."

"கல்யாணத்துலேர்ந்து உங்க பின்னாடிதானே வர்றேன். இன்னைக்கு மட்டும் என்ன?"

"நீயா? நீ கை காட்டின பக்கமெல்லாம் திரும்பினது நானு!"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"குளிர்ல பல்லு தந்தியடிக்குது. அதை விடுங்க. வேகம் பத்துக்குக் குறைய வேண்டாம்."

"ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி. ஒண்ணும் தெரியல. நின்னு துடைச்சிட்டு..."

"நிக்கக் கூடாது. அது ஏன் படியுது, சொல்லுங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட அரை மணி நேரம் சொல்வீங்களே."

கேட்டது போதும், அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மூச்சுக்காத்து வெதுவெதுன்னு ஈரமா இருக்கும். சில்லுனு இருக்கிற கண்ணாடியில பட்டதும் பொடிப்பொடித் துளியா ஒட்டிக்கும். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கமா சிதறடிக்கும். அதான் வெள்ளையா தெரியுது. ஒரு விரல் அளவு திறந்துவிட்டா வெளிக்காத்து உள்ள வந்து..."

"திறங்க, வாத்தியாரே."

திறந்தார். சாலை தெளிந்தது. ஊசி ஊசியாக மழை மூக்கில் குத்தியது.

அந்த நேரம் பார்த்துப் பின்சக்கரம் இடப்பக்கம் வழுக்கியது. "ஐயோ! போகுது, போகுது!"

"போகட்டும்! கைப்பிடியை இறுக்காதீங்க. தூரத்தைப் பாருங்க. ஆக்ஸிலேட்டரை விடாதீங்க!"

வண்டி பாம்பாக நெளிந்து, தானாக நிமிர்ந்தது. அவர் மூச்சை விட்டார்.

"பார்த்தியா? பார்த்தியா எப்படிச் சமாளிச்சேன்னு?"

"பிரமாதம். சர்க்கஸ்காரன் தோத்தான். முன்னாடி என்ன தெரியுது, சொல்லிக்கிட்டே போங்க."

"உனக்குத் தெரியலையா?"

"வாய் பேசிக்கிட்டே இருந்தா மனசு பயப்படாது. சொல்லுங்க."

"குட்டை மரம். தண்ணி. மறுபடியும் குட்டை மரம். ஒரு காக்கா. அதுவும் நம்மளைப் பார்த்துச் சிரிக்குது. இரு... மஞ்சள் வெளிச்சம்! பங்க்கும்மா, பங்க்!"

"மணி... என்ன?" அவள் குரல் விட்டு விட்டு வந்தது.

"அஞ்சுக்கு நாலு நிமிஷம் இருக்கு. அடடா, ஒருத்தர் கதவைப் பூட்டிட்டு லாரியில ஏறுறாரே!"

"ஹாரன்! ஹாரனை அடிங்க!"

விடாமல் அடித்தார். லாரியில் ஒரு காலை வைத்த மனிதர் திரும்பிப் பார்த்து, காலைக் கீழே இறக்கினார்.

கூரைக்குக் கீழே சிமென்ட் தரை. சக்கரம் அதில் ஏறியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாத ஓட்டுநர், ஒரு தடவைகூட விழாமல் வந்து சேர்ந்துவிட்டார்! வண்டியை நிறுத்தி, தள்ளாடி இறங்கி, பெருமையோடு திரும்பினார்.

சாலை வெறுமையாக இருந்தது.

"ஏம்மா... எங்க இருக்க?"

"அவர் கிளம்பிடலையே?"

"இல்ல, பக்கத்துலதான் நிக்கிறார். நீ எங்க?"

"அப்ப லாரியோட வரச் சொல்லுங்க. ரெண்டு கிலோமீட்டர் பின்னாடி, பள்ளத்துல கிடக்கிறேன், கால் மேல வண்டி. அப்பவே சொல்லியிருந்தா நீங்க திரும்பி வந்திருப்பீங்க."