மேகத்தை இறக்கியவள்

“மேகத்தை இன்னும் இறக்கவா, சேர்?”

“இறக்குங்க. தடிப்பையும் கூட்டுங்க. வெள்ளைக்காரருக்கு இப்படித்தான் பிடிக்கும்.”

சென்ற வாரம் டெனிஷாவும் விடுதிக் கம்பனி மனேஜரும் தொலைபேசியில் கதைத்தது இது. ஆலங்குடாக் கோயில் மண்டபத்தில் மீனவர் கூட்டம் தொடங்கும்போதும் நிரோஷனின் காதை அது குடைந்துகொண்டிருந்தது. மீன்பிடி வள்ளங்களை இழுத்து ஏற்றும் கரையை வளைத்து விடுதி கட்டப்போகிறார்கள். அந்தக் கரை போனால் வள்ளம் வைக்க வேறு இடமில்லை. விடுதிக்குக் கணினியில் படம் செய்து கொடுப்பவளோ அவனுடைய பெண்சாதி டெனிஷா.

“சேர், சேர் எண்டு அவனுக்கே தாளம் போடு,” என்று அன்றைக்கு அவன் குத்தியபோதும் அவள் கணினியை விட்டு எழும்பவில்லை. திரையில் ஒரு கோட்டை இழுத்தாள், மேகம் இறங்கியது. இன்னொன்றை இழுத்தாள், தடித்தது. கடல்மேல் கறுத்த வயிறாய்த் தொங்கிய அதை ஓரக்கண்ணால் பார்த்ததும், வள்ளத்தைக் கரைக்கு இழுக்க அவன் கை தானாகக் கயிற்றைத் தேடியது.

“இஞ்ச பாருங்க, இவ்வளவு போதுமா?” என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழும்பிக் கரைக்குப் போய்விட்டான்.

இப்போது பின்னாலிருந்து டெனிஷா கணினியை அழுத்த, அதே படம் மண்டபச் சுவரில் விரிந்தது. வெறுங்கரை, அதில் சாய்வுக் கதிரைகள், தூரத்துக் கடலில் வள்ளங்கள், அவற்றின் மேல் அந்தக் கறுத்த மேகம்.

“உங்கட வள்ளமெல்லாம் எந்த நேரமும் கடலிலதானே,” என்றார் மனேஜர். “கரை உங்களுக்கு எதுக்கு? சம்மதமெண்டா கையை உயர்த்துங்க.”

ஊர்ப் பிள்ளைகளுக்கு விடுதியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால், கரை போனால் வள்ளத்துக்கு என்ன வழி என்று மாதக்கணக்காக மனதில் கிடந்ததை ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை. இரண்டு மூன்று கைகள் தயங்கித் தயங்கி எழும்பின.

முன்வரிசையில் இருந்த, ஒருகாலத்தில் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான பழைய சம்மாட்டி இன்னாசிப்பிள்ளை சிரிக்கத் தொடங்கினார்.

“சேர், இந்த மேகத்துக்கு எந்த மடையன் கடலில நிப்பான்? முழு வள்ளமும் கரைக்கு வந்திடுமே. எங்க ஏத்துறது, உங்கட கதிரையிலயா?”

மண்டபமே சிரித்தது. எழும்பிய கைகள் இறங்கின.

“டெனிஷா, பிழையாப் போட்டுட்டீங்க,” என்று மனேஜர் பல்லைக் கடித்தார். “மேகத்தை உடனே உயர்த்துங்க.”

நிரோஷன் திரும்பிப் பார்த்தான். டெனிஷா கணினியில் கை வைக்காமல் எழுந்து நின்றாள்.

“பிழை இல்ல, சேர். வேணுமெண்டுதான் இறக்கினன். வள்ளம் ஏத்த எங்கட கரையை விடுங்க.”