பிறவி இடதுகைக்காரி

பெனிட்டாவின் இடது கையைக் கடவுள் கொடுத்த கை என்று பத்திரிகைகள் எழுதின. உலக டென்னிஸ் வரிசையில் அவளை முதல் ஐம்பதுக்குள் கொண்டுபோன கை அது. கல்யாணப் பந்தியில் அவள் அந்தக் கையால் சாப்பிடுவதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அப்பா ஜெயசிங் முந்திக்கொண்டு, "பிறவியிலேயே அப்படி, என்ன பண்றது," என்பார்.

தோள் அறுவைசிகிச்சை முடிந்து, கட்டுப்போட்ட இடது கையுடன் வீட்டுக்கு வந்தாள். ஊட்டிவிட வந்த அம்மாவை வேண்டாமென்று சொல்லிவிட்டு வலது கையைச் சோற்றில் வைத்தாள். அது ரசச் சோற்றை நிதானமாகப் பிசைந்து, ஒரு பருக்கை சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனது. அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"நான் வலது கைக்காரி. அப்படித்தானேப்பா?"

ஜெயசிங் செய்தித்தாளை மடித்தார். "இடது கைக்காரங்க அடிக்கிற பந்தை எடுக்கிறது கஷ்டம். அதான் மூணு வயசுல மாத்தினேன். வலது கையில சாக்ஸ் மாட்டிக் கட்டிவிடுவேன். இப்ப உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவள் ராக்கெட்டோடு கொல்லைச் சுவருக்குப் போனாள். அவள் குறிபார்த்து அடிக்க அந்த வயதில் அவர் அதில் வரைந்த வட்டம் இன்னும் இருந்தது. அதற்குள் பந்தை அடிக்க இடது கைக்கு எட்டு மாதமும் எத்தனையோ அழுகையும் ஆகியிருந்தன. வலது கையால் அடித்தாள். பந்து வட்டத்துக்குள் பட்டுத் திரும்பியது. அடுத்ததும் அங்கேயே பட்டது. பின்னால் வந்து நின்ற ஜெயசிங் பழக்கதோஷத்தில் திருத்தம் சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லுங்கப்பா, எங்க தப்பு?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.