சாமி ஆடுமா?

மதராஸிலிருந்து வந்திருந்த ஹாக்கி சங்கக் காரியதரிசி பரசுராமன், ஓர் ஆட்டம்கூட ஆடாத மாற்று ஆட்டக்காரன் சென்றாயனை இன்றோடு அணியிலிருந்து கழித்துவிடத் தீர்மானித்திருந்தார்.

மைதான வாசலில் கூழ் நிறைந்த தூக்குப்போசியோடு நின்ற சின்னாயி அவரை மறித்தாள்.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் சாமி ஆடுமுங்களா?"

"இது ஹாக்கி மைதானம் அம்மா! சாமியாட்டமெல்லாம் மாரியம்மன் கோயிலில் வைத்துக்கொள்."

"அங்க எதுக்குங்க? ஓமலூர்லருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடந்தே வாரேன். ஒருக்காக்கூட சாமி ஆடலீங்களே!"

மூடநம்பிக்கை ஒழிப்புப் பிரசங்கத்துக்குக் காரியதரிசி தொண்டையைக் கனைத்தார். அதற்குள் சென்றாயன் மட்டையோடு ஓடிவந்தான்.

"ஆத்தா!"

"வந்துட்டியா சாமி!" முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "இன்னைக்காச்சும் ஆடுவியா, சாமி?"

அவன் தலைகுனிந்தான்.

காரியதரிசி பிரசங்கத்தை விழுங்கிக்கொண்டு சின்னாயியிடம் திரும்பினார்.

"ஆடுமுங்க," என்றார். "இன்னைக்கு மொதல்லருந்தே சாமி ஆடுமுங்க."