நாற்பது வீட்டுக்கு ஒரே லைன்

ஆயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய். இரண்டு மாத நெட் பாக்கி. அதற்காகத்தான் மோசஸ் தன் வீட்டு வாசலில் வெளிப்பக்கம் பூட்டைப் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்தார்.

"யார்னா பாத்தாங்களா?" என்று மனைவி ஹெலன் கிசுகிசுத்தாள்.

"எதிர் ஊட்டு முத்தம்மா பாத்துச்சி. குடும்பத்தோட ஆரணிக்குப் போறோம்னு சொல்லிட்டேன்."

"பொய்யி மட்டும் உனக்கு நல்லா வருது."

உள்ளறையில் மகள் சுகிர்தா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. எட்டு மணிக்கு இன்டர்வியூ. அவர்கள் கண் எதிரிலேயே நெட்டின் வேகத்தை அளந்து காட்ட வேண்டும். இருபதுக்குக் குறைந்தால் வேலை கிடையாது. இப்போது அது இரண்டில் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் நெட்காரன் சர்ஃபராஸ் வந்து பார்த்தபோது இதே நெட் பெட்டியில் வேகம் அறுபது காட்டியது.

"பெட்டில கோளாறு இல்லண்ணே. ஒயரும் நல்லாத்தான் கீது. தெருவுல நாப்பது ஊட்டுக்கும் ஒரே லைனு. சாயந்தரம் ஷிப்டு வுட்டு வந்து அத்தினி பேரும் ஒண்ணா இழுத்தா உங்களுக்கு இன்னா மிஞ்சும்?"

"வராத நெட்டுக்கு நான் எதுக்குடா டப்பு குடுக்கணும்?"

"மத்தியானம் வருதுல்ல, அதுக்குக் குடுங்க. திங்கக்கிழம ஏழு மணிக்கு வருவேன். டப்பு இல்லன்னா பெட்டிய கழட்டிக்கினு போய்க்கினே இருப்பேன்."

இன்று திங்கள். மணி ஏழு பத்து. மோசஸுக்குக் காண்ட்ராக்டர் இன்னும் சம்பளம் போடவில்லை.

மோசஸ் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்தார். வெளிச்சம் தெரியாமல் விளக்கை அணைத்தார். இருட்டில் நெட் பெட்டியின் பச்சைப் புள்ளி மட்டும் மினுக்கியது. அதைக் கழற்ற ஒரு நிமிடம் போதும் என்று நினைத்து, அவர் பின்கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டார்.

ஏழரைக்கு, தெருவுக்குப் பின்னால் இருந்த கெமிக்கல் கம்பெனியில் சங்கு ஊதியது. விட்டு விட்டு, நீளமாக ஊதியது.

"இது இன்னா நேரங்கெட்ட நேரத்துல?" என்றாள் ஹெலன்.

"மூணு மாசத்துக்கு ஒருதபா ஊதுவானுங்க. ஆபத்து வந்தா எப்பிடி ஓடறதுன்னு டிரில்லு. எட்டு மணிக்குள்ள நிறுத்தித் தொலைச்சா சரி."

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சர்ஃபராஸ். மோசஸ் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். அங்கேயும் அது அடங்கவில்லை.

தெருவில் தடதடவென்று செருப்புச் சத்தம். யாரோ வாசல் பூட்டைப் பிடித்து உலுக்கினார்கள். ஹெலன் மகளின் வாயைப் பொத்தினாள். மோசஸ் மூச்சு விடவில்லை.

"அங்க ஆள் இல்ல, எல்லாம் ஆரணி போயிருக்குது." முத்தம்மாவின் குரல்தான். "நீ வாப்பா."

செருப்புச் சத்தம் விலகிப் போயிற்று. மோசஸ் சுவரில் சாய்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"வந்துட்டுப் போயிட்டான்."

"முத்தம்மாவுக்கு ஒரு கிலோ கறி வாங்கிக் குடு," என்றாள் ஹெலன்.

அப்போதுதான் சுகிர்தா கூப்பிட்டாள். "நைனா, இத வந்து பாரேன்."

திரையில் நெட்டின் வேகத்தைக் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு. ஒன்பது. முப்பத்தெட்டு. எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அறுபத்தொன்று. சாயங்கால வேளையில் அந்தத் தெரு இப்படி ஒரு வேகத்தைக் கண்டதே இல்லை.

"பாவம், நல்ல பையன்தான்," என்றார் மோசஸ். "மேல சொல்லி லைன ஏத்தி வுட்டிருக்கான். அவனப் போய் ஏமாத்திட்டமே."

எட்டு மணிக்குத் திரையில் ஓர் அம்மாள் தெளிவாக வந்தாள். முகம் ஒருமுறைகூட உறையவில்லை, குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை. வேகத்தைக் காட்டச் சொன்னாள். அறுபத்து மூன்று. இருபது நிமிடம் கேள்வி கேட்டுவிட்டு, ஒன்றாம் தேதி சேர்ந்துவிடும்படி சொல்லி மறைந்தாள்.

சுகிர்தா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஹெலன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வேல கெடச்சதுக்கு யார்னா அழுவாங்களா?" என்றார் மோசஸ்.

"நான் எங்க அழுதேன்? கண்ணு எரியுதுய்யா."

தலையணைக்கு அடியில் போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பதினேழு முறை கூப்பிட்டிருந்தான். பயந்துகொண்டே, ஆனால் மனது கேட்காமல், மோசஸ் காதில் வைத்தார்.

"சர்ஃபு, கோச்சிக்காதப்பா. பொண்ணுக்கு வேல கெடச்சிடுச்சி. சம்பளம் வந்ததும் மொத வேலயா உன் பாக்கிய..."

"பாக்கிய தள்ளிட்டேண்ணே, ஒரு பைசா வேணாம்." சர்ஃபராஸுக்கு மூச்சு இரைத்தது. "கம்பெனில கேஸ் லீக்கு. தெரு மொத்தமும் காலி பண்ணி பைபாஸ்ல வந்து நிக்குது. நாப்பது பெட்டில உங்க பெட்டி மட்டும் நெட்டு இழுக்குதுன்னு என் போன்ல காட்டுது. உள்ள எத்தினி பேர்ணே கீறீங்க?"